முழுசாய் வந்தால் லாபம்

2004 முதல் 2008 வரையிலான ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்கில், 5.4 லிட்டர் டிரைட்டன் வி8 எஞ்சினுக்கு எட்டு ஸ்பார்க் பிளக்குகள். கழற்றுவது எளிது, முழுசாய்க் கழற்றுவதுதான் வித்தை. பிளக்கின் நீண்ட அடிக்குழல் தனித் துண்டு. அதைச் சுற்றிக் கரி படிந்து இறுகுவதால், திருகினால் மேல்பாதி கையோடு வரும். கீழ்ப்பாதி சிலிண்டர் ஹெட்டிலேயே குடித்தனம் நடத்தும். கால் சுற்று மட்டும் தளர்த்தி, கார்புரேட்டர் கிளீனர் விட்டு ஊறவைத்து, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து எடுப்பதே முறை. பொறுமைசாலிக்குக் கூலி மிச்சம். அவசரக்காரர் ஒடிந்த துண்டை உருவும் கருவியை வாங்குவார். பிறகு மெக்கானிக்கிடமும் போவார். மெக்கானிக் கையிலும் அதே பிளக் ஒடியலாம். வித்தியாசம் ஒன்றே: அங்கே ஒடிந்ததற்கும் பில் உண்டு, திட்டுவதற்கு வேறொரு ஆளும் உண்டு.