அதே பாட்டு, அதே மெட்டு

திருவண்ணாமலையில் பாட்டுப் போட்டி என்றால் ‘முத்தைத்தரு’ இல்லாமல் முடியாது. எண்பதுகளிலும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். முருகன் அடியெடுத்துக் கொடுக்க, அருணகிரிநாதர் முதன்முதலாகப் பாடிய திருப்புகழ் அது, பாடியது இந்த ஊரில் என்பது எங்கள் நம்பிக்கை. பெரிய கோயிலில் ராஜகோபுரம் தாண்டியதும் கம்பத்து இளையனார் சன்னதி. அங்கே நிறுத்தி, பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லாத தாத்தா பாட்டி குறைவு. மாறியது ஒன்றுதான். அன்று அந்தப் பாட்டைச் சினிமாவில் வந்த மெட்டில் பாடியதற்காக மதிப்பெண் குறைத்தார்கள். இன்று அதே மெட்டைப் பாரம்பரியம் என்று புகழ்ந்து பரிசு கொடுக்கிறார்கள்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு வாத்தியார் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைக் கல்லூரியில் படித்து ‘சங்கீதபூஷணம்’ வாங்கியவர். திருப்புகழ் என்றால் முதல் சில நாட்கள் மெட்டே கிடையாது. ஒரே சுருதியில் நின்று, தொடையில் தாளம் போட்டு, சந்தத்தை மட்டும் சொல்ல வேண்டும். “மெட்டு எங்கியும் ஓடிடாதும்மா, மொதல்ல வாய் திரும்பட்டும்” என்பார். ‘முத்தைத்தரு’வின் முற்பகுதி எப்படியோ வந்துவிடும். போர்க்களத்தில் பைரவி ஆடுகிற இடத்துக்கு வந்ததும்தான் சோதனை. க், த், ப் என்று வல்லின ஒற்றுகள் அடுக்கடுக்காக வந்து விழும். மூச்சை எங்கே வாங்குவது என்பதை வாத்தியார் பென்சிலால் சின்னக் கோடு போட்டுக் காட்டியிருப்பார். அந்தக் கோட்டுக்கு முன்னால் வாங்கினால் சொல் உடையும், பின்னால் வாங்கினால் தாளம் உடையும். ஒரே ஒரு ஒற்றை விழுங்கினாலும் கை காட்டிக் கொடுத்துவிடும்.

மதிப்பெண் குறைத்த அந்தப் போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மைக் இல்லை. பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி சுருதிப் பெட்டியின் துருத்தியை அழுத்திக்கொண்டிருந்தாள். என் தோழி எழுந்து நின்று பாடினாள். கடைசி வரிசைக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. முடித்ததும் நடுவர் ஒருவர், “நல்லா பாடினம்மா, ஆனா இது சினிமாப் பாட்டாச்சே” என்றார். எங்கள் வாத்தியார் எழுந்துவிட்டார். “பாட்டு அருணகிரியாருதுங்க சார்.” நடுவர் அசையவில்லை. “பாட்டு அவருது. மெட்டு சினிமாவோடது.” அவளுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. அதில் ஜெயித்திருந்தால் மாவட்டப் போட்டிக்காக வேலூருக்குப் பஸ் ஏறியிருப்பாள். 1989-இல் மாவட்டம் பிரியும்வரை எங்களுக்கு வேலூர்தான் தலைநகர்.

நடுவர் சொன்னதில் பாதி உண்மை. அந்த மெட்டை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது 1964-இல் வந்த ‘அருணகிரிநாதர்’ படம். டி.எம்.சௌந்தரராஜன் தானே அருணகிரியாராக நடித்துப் பாடினார். ஆனால் அதை விட்டால் வேறு எந்த மெட்டைச் சரியான மெட்டு என்று நடுவர் காட்டியிருப்பார்? தேவாரப் பதிகங்கள் பலவற்றுக்காவது பண் குறித்திருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரியார் என்ன ராகத்தில் பாடினார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பாடல்களே தப்பிப் பிழைத்தவை. பதினாறாயிரம் பாடினார் என்பது மரபு. கிடைத்திருப்பவை ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். அதுவும், முன்சீப் வேலை பார்த்த வ.த.சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்து 1894-இலும் 1901-இலும் அச்சில் கொண்டுவந்ததால். பாட்டோடு கூடவே வந்து சேர்ந்தது சந்தம் ஒன்றுதான். அதை அந்தப் பெண் ஒரு எழுத்துச் சிதறாமல் பாடியிருந்தாள்.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இன்னொன்று உண்டு. எங்கள் வாத்தியார் படித்த அதே பல்கலைக்கழகத்தில்தான், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியில், 1941-இல் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று போராடியது அந்த இயக்கம். நாற்பது வருஷம் கழித்து, அருணகிரியார் வாழ்ந்த ஊரில் ஒரு தமிழ்ப் பாட்டு தோற்றுப்போனது, ஜனங்களுக்குப் பிடித்த மெட்டில் இருந்ததால்.

இப்போது வசதிக்குக் குறைவில்லை. ஊரிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதம், நாதசுரம், தவில், தேவாரம் எல்லாம் மூன்று வருஷப் படிப்பு. நாதசுரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் சேர்த்துக்கொள்வார்கள். ஜவகர் சிறுவர் மன்றப் போட்டி இருக்கிறது, பள்ளிக்கல்வித் துறையின் கலைத் திருவிழா இருக்கிறது. கூலி வேலை செய்கிறவர் பிள்ளையும் மேடை ஏறலாம். இதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். எங்கள் காலத்தில் பாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க முடிந்தவர்கள் மட்டும்தான் கற்றுக்கொண்டோம்.

அண்மையில் அந்தத் தோழியின் பேத்தி ஒரு போட்டியில் பாடுகிறாள் என்று போயிருந்தேன். போனிலிருந்து டிராக் ஓடியது. தவில், நாதசுரம், கோரஸ் எல்லாம் டிராக்கில் இருந்தன. குழந்தை சுருதி விலகாமல் பாடினாள், நல்ல குரல். பைரவி ஆடுகிற இடம் வந்ததும் டிராக் பாய்ந்தது. குழந்தையும் கூடவே ஓடினாள், ஒற்றெழுத்தெல்லாம் வழியில் உதிர்ந்தது. தவில் சத்தம் அதை மூடிவிட்டது. நடுவர், “பாரம்பரிய மெட்டு மாறாம பாடின” என்று பாராட்டி முதல் பரிசு கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தோழி எதுவும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

வீட்டுக்குப் போனதும் குழந்தையைக் கூப்பிட்டு, “மெட்டு இல்லாம சொல்லு கண்ணு” என்றேன். முழித்தாள். யூடியூப் பார்த்துக் கற்றதாம். பாட்டை மெட்டிலிருந்து பிரிக்கலாம் என்று யாரும் சொன்னதில்லை. அவள் பாட்டி தரையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். இரண்டு அடி சொல்லிக் கொடுத்தாள். முதலில் திணறிய குழந்தை, மூச்சு வாங்கும் இடம் பிடிபட்டதும் விடவில்லை. “பாட்டி, இது டிரம்ஸ் மாதிரி இருக்கு, இன்னும் வேகமாப் போடு!” என்றாள். அந்த வாய் நன்றாகவே திரும்புகிறது. திருப்பிவிட ஆள்தான் இல்லை.

போட்டி நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. டிராக் இருக்கட்டும், டி.எம்.எஸ். மெட்டும் இருக்கட்டும், அறுபது வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகள் திருப்புகழுக்கு வந்து சேர்ந்த வழி அது. பாடி முடித்ததும் டிராக்கை நிறுத்தச் சொல்லி, கையில் தாளம் போட்டு இரண்டு அடி சொல்லச் சொல்லுங்கள். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். நடுவர் தாளில் அதற்கென்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டால், வீட்டிலும் வகுப்பிலும் பிள்ளைகளுக்குச் சந்தம் சொல்லிக் கொடுக்கத் தானாக ஆரம்பித்துவிடுவார்கள்.