மேட்டுப்பாளையத்தில் வியர்வை, தொட்டபெட்டாவில் நடுக்கம்

மலையேறும் சைக்கிள் பற்றிக் கேட்டிருப்பவர்களில் பாதிப்பேர் கொங்குநாட்டுக்காரர்கள். அதனால் பதில்களையெல்லாம் மேட்டுப்பாளையம் – கோத்தகிரி – ஊட்டி சாலையிலேயே ஓட்டிவிடுகிறேன்.

ஒரே நாளில் சைக்கிளில் ஊட்டி போய்விட முடியுமா?
– அவிநாசி வாசகர்

முடியும். ஊட்டி எங்கும் ஓடிவிடாது, நீங்கள் அவசரப்படாமல் இருந்தால் சரி. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். கோத்தகிரி 1,800ஐ ஒட்டி. இதை 33 கிலோமீட்டரில் ஏறவேண்டும். சராசரியாக 100 மீட்டருக்கு நாலரை மீட்டர் ஏற்றம். அங்கிருந்து ஊட்டிக்கு இன்னும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஊட்டி 2,240 மீட்டர்தானே, பாக்கி 440 சொச்சம்தானே என்று தோன்றும். சாலை அவ்வளவு நேர்மையானதில்லை. தொட்டபெட்டா சந்திப்பு வரை உங்களை ஊட்டிக்கும் மேலே ஏற்றிவிட்டுத்தான் ஊருக்குள் இறக்கும். நடுவில் வருகிற குட்டி இறக்கங்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எல்லாம் வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டிய கடன்.

கியர் போட்டு மலையேறுவது ஏமாற்று வேலை இல்லையா?
– தாராபுரம் வாசகர்

உங்கள் கட்சிக்குப் பெரிய தலைவர் ஒருவர் இருந்தார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903இல் தொடங்கிவைத்த ஹென்றி டெக்ராஞ்ச். கியர் மாற்றுவதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு என்று 1902இலேயே எழுதியவர். அந்தப் பந்தயத்தில், செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தாவவைக்கும் டெரெய்லர் கியருக்கு 1937 வரை அனுமதி கிடைக்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் பால் த விவி, 'வெலோசியோ' என்ற பெயரில் எழுதியவர். பல கியர்கள் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். யார் ஜெயித்தார் என்பதை உங்கள் ஊர் சைக்கிள் கடை வாசலில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வெலோசியோ கட்சி. முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரியது. கால் வேகமாகச் சுற்றும், வண்டி மெல்லப் போகும், முட்டி பிழைக்கும். ஒன்று கவனியுங்கள்: இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில்தான் சோதனை. நாம் இடது ஓரமாகப் போகிறவர்கள். வளைவின் உள்பக்கம் மாட்டுகிறது, செங்குத்தும் அங்கேதான் அதிகம். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். உள்ளே போனபிறகு அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் 'கடக்'கென்று கழன்று தொங்கும், பின்னால் வரும் பஸ்காரர் உங்கள் குலம் கோத்திரம் விசாரிப்பார்.

எந்த மாதம் நல்லது?
– பல்லடம் வாசகி

தொட்டபெட்டா மலைத்தொடர் நடுவே நிற்பதால் நீலகிரி மழையைப் பங்கு போட்டுக்கொள்கிறது. ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டித் தீர்க்கும். கோத்தகிரி பக்கம் அதில் கொஞ்சம்தான் வரும். அக்டோபர், நவம்பரில் கோத்தகிரி, குன்னூர் சரிவுகளின் முறை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மாதத்தில் வீரம் வேண்டாம். கோடை சீசனில் குன்னூர் வழியே ஏறும் வண்டிகளை இந்தச் சாலை வழியே இறக்கிவிடுவார்கள். ஊரே எதிரில் இறங்கிவரும்போது நீங்கள் மட்டும் ஏறிக்கொண்டிருப்பீர்கள். ஜனவரி, பிப்ரவரிதான் என் ஓட்டு.

கீழே வெயில் கொளுத்துகிறது. ஸ்வெட்டரைச் சுமப்பது வீண் பாரம்தானே?
– திருப்பூர் வாசகர்

1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். ஆக ஊட்டியில் 12 டிகிரி கம்மி. ஆனால் ஏறும்போது இது உறைக்காது. நீங்கள் செலவழிக்கும் சக்தியில் கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி முக்கால் பங்கும் உடம்பில் சூடாகவே தங்குகிறது. வினை, டீ குடிக்க நிற்கும்போதுதான் ஆரம்பம். தொட்டபெட்டா சந்திப்பில் மஞ்சு இறங்கியிருக்கும்; வியர்வையில் ஊறிய பனியன் முதுகோடு ஒட்டிச் சில்லிடும்; கண்ணாடி டம்ளரை விட்டுக் கையை எடுக்க மனசு வராது. பிறகு இறக்கம். கால் வேலை செய்யாது, காற்று மட்டும் வேலை செய்யும். விரல் மரத்துப்போனால் பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. டீ வருவதற்குள் உலர்ந்த பனியனுக்கு மாறிவிடுங்கள், கையுறையை எடுத்து மாட்டுங்கள். ஜெர்கின் இல்லையா? ஒரு நாளிதழ் வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு விரித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியப் பந்தய வீரர்களின் பழைய வைத்தியம் இது. எந்த நாளிதழ் என்று கேட்டு என்னை வம்பில் மாட்டாதீர்கள். பக்கம் அதிகமுள்ளது எதுவோ அது.

பிளாஸ்டிக் பை போதாதா என்பீர்கள். மாவட்டத்தில் அதற்குத் தடை. வழியில் உள்ள குஞ்சப்பனை சோதனைச்சாவடியைத் தாண்டாது.

மழையில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. சைக்கிள் கோளாறா?
– காங்கேயம் வாசகர்

தண்ணீர்க் கோளாறு. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் கட்டை முதல் சில சுற்றுகளில் தண்ணீரைத் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். அதனால் மழையில் வளைவுக்கு வெகுமுன்பே லேசாகத் தொட ஆரம்பியுங்கள். இரண்டு பிரேக்கும், விட்டு விட்டு. ஒரேயடியாக அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கலாம்.

எவ்வளவு சாப்பிட வேண்டும்?
– ஈரோடு வாசகி

நீங்களும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 90 கிலோ என்றால், 2,000 மீட்டர் உயர்த்த மட்டும் உடம்புக்கு 1,700 கலோரி போல ஆகும். இட்லியில் இரண்டு டஜனுக்கு மேல். ஒரே உட்காரலில் வேண்டாம். பசிக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கடலைமிட்டாய், பேரீச்சம்பழம். வாழைப்பழத்தைக் கேரியரில் தொங்கவிட்டால் குரங்குக்கு நேர்ந்துவிட்டதாக அர்த்தம்.

தேயிலைத் தோட்டத்தருகே காட்டெருமை வழிமறித்தால் மணி அடிக்கலாமா?
– உடுமலை வாசகர்

நீங்கள் அடிப்பது மணி. அது அடிப்பது வேறு. தள்ளி நின்று, அது போகும்வரை காத்திருங்கள்.

நடுவழியில் வண்டி ஏறினால் அவமானமா?
– சத்தியமங்கலம் வாசகர்

1913 டூர் டி பிரான்ஸில் தூர்மலே கணவாயில் எய்ஜென் கிறிஸ்தோஃபின் சைக்கிள் முன் ஃபோர்க் உடைந்தது. 10 கிலோமீட்டருக்கு மேல் அதைச் சுமந்து இறங்கி, ஒரு கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே பற்றவைத்தார். துருத்தி ஊத ஒரு பையன் உதவினான் என்பதற்காக அவருக்கு அபராத நேரம் போட்டார்கள்! உங்களுக்கு நடுவர் யாருமில்லை. மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டு மலையேறும் பிக்கப் வேன்களில் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். "அண்ணா, கோத்தகிரி வரைக்கும்ங்க" என்று கேட்டுப் பாருங்கள். உச்சியில் எடுக்கும் படத்தில் வேன் டயர் தெரியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சமர்த்து.