அதோ, அந்தப் புள்ளிதான் மான்

அமெரிக்காவில் நவம்பர் பிறந்தால் வெள்ளைவால் மான் வேட்டைக்காரர்கள் விடியுமுன்னே பரண் ஏறிவிடுகிறார்கள். துப்பாக்கி தோளில், கோப்ரோ கேமரா தொப்பியில்.

நிக் உட்மன் அலைச்சறுக்கின்போது தன்னைத்தானே படமெடுத்துக்கொள்ள யோசித்த கருவி இது. 2004-இல் வந்த முதல் மாடலில் 35 மி.மீ. ஃபிலிம்தான். பின்னால் வந்த அகலக்கோண லென்ஸ், சறுக்குபவரின் மூக்கையும் மொத்தக் கடலையும் ஒன்றாகப் பிடிக்கும். ஆனால் அறுபது கெஜம் தள்ளி நிற்கும் மான்? எட்டுக் கிளைக் கொம்போடு நின்ற ஆண் மான், திரையில் எறும்பு. "அதோ, அந்தப் புள்ளி" என்று வீட்டில் விரல் வைத்துக் காட்டுகிறார் வீரர். மனைவி திரையைத் துடைக்கத் துணி எடுத்து வருகிறார்.

மிச்சம் நாலு மணி நேரப் படம் முழுக்க மரப்பட்டையும் மூக்குறிஞ்சலும். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும் என்பதால் மாற்று பேட்டரியைக் கோழி முட்டையை அடைகாப்பதுபோல உள்பையில் சூடாக வைத்திருக்கிறார்கள். அதை மாற்றும் அந்த அரை நிமிடத்தில்தான் மான் வரும். பாதுகாப்புக்குப் போட்ட ஆரஞ்சுச் சட்டையின் நிறம் மானுக்குச் சரியாகத் தெரியாது. கேமரா போடும் 'பீப்' மட்டும் நன்றாகவே கேட்கும்.

உரிமமில்லாமல் சுட்டவரும் பெருமை தாங்காமல் படத்தை வெளியிட்டுவிடுகிறார். அதை முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை, கொட்டாவி விடாமல் பார்க்கும் ஒரே ரசிகர் வனவிலங்குத் துறை அதிகாரி.