புரோட்டீன் தம்பி

குருவிட்ட பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்கு ஒருவராவது இவர் இருப்பார். பால்மா டின்னில் சீமெந்தைக் கரைத்து ஊற்றி, பழைய தண்ணிக் குழாயின் இரண்டு முனையிலும் பதித்து, காம்பராவுக்குப் பின்னால் வைத்திருப்பார். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். மகனுக்கு உடற்பயிற்சி ரப்பர் பட்டி வாங்கக் காசில்லை. சைக்கிள் டியூப்பை இழுக்கிறார்.

இழுப்பது பிரச்சினையில்லை, தின்பதுதான். உடம்பு 60 கிலோ, கிலோவுக்கு 1.6 கிராம் புரதம், ஆக நாளைக்கு 96 கிராம். முட்டைக்கு 6 கிராம் என்றால் பதினாறு முட்டை. கணக்கைக் கரித்துண்டால் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். வே புரோட்டீன் டப்பாவின் விலையையும் போனில் பார்த்தார். அம்மாவின் நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாயானது. விலையை அதால் வகுத்துப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

இரண்டு முட்டையோடு சமாதானமானார். அதற்கே மாதக் கடைசியில் கடன் கொப்பியைப் புரட்டிய முதலாளி, "வீட்டுல யாருக்கும் புள்ள பொறந்திருக்கா?" என்று விசாரித்தார்.

மிச்சத்துக்குக் கவுப்பி, பாசிப்பயறு, நெத்தலிக் கருவாடு. என்னைக் கேட்டால் நெத்தலிதான் ராஜா. தேங்காய் ரொட்டிக்கும் தோது. ஆனால் இவர் ருசிக்காகத் தின்பதில்லை. சோற்றில் பருப்பை ஊற்றும்போதும் அப்பாயிக்குப் பாடம் நடக்கும்: "அரிசியில லைசின் கொறவு அப்பாயி, பருப்புல கூட. சேத்துத் தின்னாத்தான் சரி."

"யாருடா அந்த லைசின் தொரை? எங்க காலத்துல இந்தத் தோட்டத்துக்கு வரலியே."

இவரை நிஜமாகவே உலுக்குவது கோயில் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் லயம் முழுக்கச் சைவம். முட்டை கிடையாது, கருவாட்டு வாசமே கூடாது. மற்றவர்கள் அம்மனிடம் சுகம் கேட்கிறார்கள். இவர் கண்ணாடி முன்னால் நின்று புஜத்தை அளக்கிறார், கரைந்துவிட்டதா என்று. போன வருசம் வழி கண்டுபிடித்தார்: சோயாமீட். காய்ந்த சோயாவில் ஏறக்குறைய பாதி புரதம், விலையும் கைக்கடக்கம். இரண்டு பக்கெட் வாங்கி வந்து தாளித்தார். குசினி மணத்தது. அப்பாயி வந்து மூடியைத் திறந்தார்.

"கோழி!"

"இல்ல அப்பாயி, சோயா. வாசம் மட்டுந்தான் கோழி. பக்கெட்டுலயே போட்டிருக்கு."

"பக்கெட்ட நீ வாசிப்ப. அம்மன் மோந்துல்ல பாக்கும்" என்றபடி அப்பாயி சட்டியோடு வெளியே போனார்.

பக்கத்துக் காம்பரா நாய்க்கு அன்றைக்கு மட்டும் 90 கிராம் புரதம்.