முன்வரிசைப் பாக்கியம்

ஒரு மனிதனுக்கு 'இல்லை' என்று சொல்லுவதற்கு உலகத்தில் மூன்று மார்க்கங்கள் உண்டு. "உன்னிடம் பணம் போதாது" என்று சொல்லலாம். "நீ பிந்தி வந்துவிட்டாய்" என்று சொல்லலாம். "உனக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்றும் சொல்லலாம். முதலாவதைக் கேட்டவன் கோபங்கொள்வான். இரண்டாவதைக் கேட்டவன் அடுத்த நாள் விடியுமுன் பாயோடு வந்து வாசலிற் படுப்பான். மூன்றாவதைக் கேட்டவனோ, "ஓம், என் கிரகபலன் அப்படி" என்று தலையை ஆட்டி, சொன்னவருக்கு வந்தனமும் கூறி, வீட்டுக்குப் போய் மறுநாளும் வருவான். இந்த மூன்றாம் மார்க்கத்தின் மகிமையை நன்குணர்ந்தவர்கள் நியூயோர்க் நகரத்து நாடக முதலாளிகள் என்பதை, உரும்பிராயின் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே இளைப்பாறிய உபாத்தியாயராகக் காலங்கழிக்கும் நான், என் பேரனின் தயவால் அறிய நேர்ந்தது.

சரித்திரத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன். 1996ஆம் ஆண்டு அந்நகரின் நெடர்லாண்டர் அரங்கில் 'ரென்ட்' என்னும் இசைநாடகம் மேடையேறியது. வாடகை கொடுக்க வழியற்ற இளங்கலைஞர்களைப் பற்றிய நாடகத்தை, வாடகை கொடுக்க வழியற்ற இளங்கலைஞர்கள் பார்க்க முடியாதபடி பிரவேசக் கட்டணம் இருப்பது அழகல்ல என்று கருதிய தயாரிப்பாளர்கள், முன்னிரண்டு வரிசைகளையும் 20 டொலருக்கு அன்றன்றே விற்கத் தீர்மானித்தார்கள். முந்தி வந்தவருக்கு முந்தி என்று வைத்தார்கள். சனம் முதல்நாள் இரவே நடைபாதையிற் படுக்கத் தொடங்கிற்று. பட்டணத்து நடைபாதையில் இளம் பிள்ளைகள் இரவெல்லாம் கிடப்பது அபாயம் என்று கண்டு, அடுத்த ஆண்டில் வரிசையை ஒழித்துக் குலுக்கலை ஏற்படுத்தினார்கள். அந்தத் தயாரிப்பாளர்களுள் ஒருவராகிய ஜெப்ரி செலர் என்பவரே 2015இல் றிச்சர்ட் றொட்ஜர்ஸ் அரங்குக்கு 'ஹமில்டன்' நாடகத்தையும் கொண்டுவந்தவர். கதாநாயகனின் உருவம் அமெரிக்கப் பத்து டொலர் நோட்டில் அச்சிடப்பட்டிருப்பதால் குலுக்கல் ஆசனத்தின் விலையும் 10 டொலர். அந்நாளிற் குலுக்கலுக்கு விட்ட முன்வரிசை ஆசனங்கள் 21. வாசலிலே திரண்ட கூட்டத்தில் அந்த 21 போக எஞ்சியவர்கள் வெறுமனே திரும்பலாகாதென்று, நாடகத்தை இயற்றி நடித்த லின்-மனுவெல் மிராண்டாவே வெளியே வந்து, தோழர்களுடன் சிறு பாட்டும் விகடமும் நடத்துவாராம். 2016 தை மாதத்தில் குலுக்கலைக் கணினிக்கு மாற்றியபோது, முதல்நாளிலேயே 50,000 பேருக்கு மேல் வந்து விழுந்ததில் அந்த ஏற்பாடே மூர்ச்சையாகிவிட்டது. அதே ஆண்டில் அதே நாடகத்தின் அதியுயர்ந்த ஆசனத்துக்கு 849 டொலர் விலை வைத்தார்கள். ஆசனம் கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் முதலாளிகளை ஏசாமல் தங்கள் தலையெழுத்தை ஏசினார்கள் என்பதே இந்த முறையின் பரம ரகசியம்.

முன்னால் இருப்பவன் குறைந்த காசுக்காரன் என்பது எங்களுக்குப் புதினமல்ல. யாழ்ப்பாணத்து வின்சரிலும் வெலிங்டனிலும் மனோஹராவிலும் திரைக்கு மிகக் கிட்டவிருந்த கலரிதான் மலிவு. பின்னுக்குப் போகப் போக விலை ஏறி, கனவான்கள் பல்கனியிலும் பொக்ஸிலும் போய் முடிவார்கள். நாடகமோ அதனிலும் விசேஷம். குடாநாட்டுக் கோயில்களிலே, அன்றைய திருவிழாவின் உபயகாரர் மேளக்கச்சேரிக்கும் சோடனைக்கும் நாடகத்துக்குமாகச் சேர்த்துச் செலவு செய்வார். ஊர் முழுவதும் வீதி மணலிற் பாயையோ சாக்கையோ விரித்து விடியும்வரை பார்க்கும். மதிலும் இல்லை, கதவும் இல்லை. ஆகையாற் சீட்டும் இல்லை, சீட்டைக் குலுக்கும் அவசியமும் இல்லை. காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக வந்து நின்ற இரவுகளிலே, அந்தப் பிரதேசம் முழுவதிலும் கட்டணம் கேட்ட ஒரே மனிதர் மேடையில் நின்ற மகாராசாவேயாவார். செலுத்த வேண்டியிருந்த ஒரே ஜீவன், பிள்ளையைப் பறிகொடுத்த சந்திரமதி. காற்பணமும் முழத்துண்டும் தராவிட்டால் சொந்தப் புத்திரனின் பிரேதத்தையும் எரிக்க விடேன் என்று அவர் கோலூன்றி நின்றபோது, விதியென்றால் விதியென்று நிற்பவனைக் கண்டு அழவும் வரும், கும்பிடவும் வரும் என்பதை நாங்கள் கற்றுக்கொண்டோம். அந்தக் கல்வி பின்னர் எதிர்பாராத இடத்தில் எனக்கு உதவிற்று.

குலுக்கல் மாத்திரம் எங்களுக்கு அந்நியமா? ஒரு கலியாணப் பேச்சு வந்தால் பிள்ளையார் சந்நிதியில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பூக்கட்டிப் பார்த்து, வேண்டிய நிறம் வராவிட்டால் "எதற்கும் இன்னொருக்காற் பார்ப்போம்" என்று ஆண்டவனுக்கே மறுபரிசீலனை மனுக் கொடுக்கிறவர்கள் நாங்கள். 1963இல் தேசிய லொத்தர் சபை ஏற்பட்டதிலிருந்து, இலட்சாதிபதியாகும் வாய்ப்பை எங்கள் சந்திக்கே கொண்டுவந்து கூவிக்கூவி விற்கிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் நியூயோர்க்கில் உத்தியோகம் பார்க்கும் என் பேரன் ஒருநாள் தொலைபேசியில் வந்தான். அவன் பார்க்க ஆசைப்பட்ட நாடகத்துக்கும் (அதன் பெயர் இங்கே வேண்டாம்) அன்றன்றே குலுக்கல். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் ஒரு தடவைதான் பெயர் கொடுக்கலாம். இந்த நிபந்தனையைக் கண்டு ஓர் அமெரிக்கன் மனம் தளர்ந்திருப்பான். யாழ்ப்பாணத்தான் தளரவில்லை. ஸ்காபரோவிலுள்ள சித்தப்பா, வெம்பிளியிலுள்ள மாமி, ஒஸ்லோவிலுள்ள மச்சான் என்று, யுத்தம் திக்குக்கொன்றாக எறிந்துவிட்டதும் காணிப் பங்கீட்டிற்கூட ஒன்றுபடாததுமான எங்கள் குடும்பம் இந்தக் கைங்கரியத்தில் ஏகமனதாயிற்று.

"அப்பப்பா, உங்கட பேரிலையும் ஒண்டு போடுங்கோ. உங்கட கை ராசியான கை எண்டு அப்பா சொல்லுறவர்."

"தம்பி, நான் அங்க வாறதெண்டால் பிளேனுக்கெல்லோ முதல் குலுக்க வேணும்?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் போடுங்கோ."

போட்டேன். பெயர், பிறந்த திகதி, வேண்டிய ஆசனம் ஒன்றா இரண்டா என்பன கேட்டபின், நான் இயந்திரம் அல்லேன் என்று ஒரு சதுரத்தில் அடையாளமிட்டுச் சத்தியமும் செய்யவேண்டும். பென்சன் எடுக்கிறவன் வருஷந்தோறும் உயிரோடிருப்பதை நிரூபித்துப் பழகியவனாகையால் எனக்கு அது சிரமமாகப் படவில்லை. அவர்களுக்குப் பிற்பகலாகும்போது எங்களுக்கு நடுச்சாமம் கடந்திருக்கும். அந்நேரத்தில் வரும் தோல்விக் கடிதங்களோ, அடடா, என்ன பணிவு, என்ன பரிவு! தாங்கள் தெரிவாகாததையிட்டு வருந்துகிறோம், தயவுசெய்து நாளையும் முயலுங்கள் என்று அந்நிய தேசத்தார் எழுதுவதை வாசிக்கையில், என் சேவைக்காலத்தில் இடமாற்ற விண்ணப்பங்களுக்கு வந்த ஒற்றைவரிப் பதில்களெல்லாம் நினைவுக்கு வந்து, தோற்பதிலும் ஒரு கௌரவம் உண்டென்ற ஞானம் பிறந்தது. காலக்கிரமத்தில், பேரனுக்காக விழித்திருந்த நிலைமை மாறி, அந்தக் கடிதத்துக்காகவே விழித்திருக்கலானேன்.

"இஞ்சாருங்கோ, பாக்கப் போகாத நாடகத்துக்கு, வராத ரிக்கற்றுக்கு, இந்தச் சாமத்தில என்ன முழிப்பு?" என்று என் மனைவி வினவினாள். சாரமான கேள்வி, ஆனால் லொத்தர் வாங்கும் மனிதகுலம் முழுவதையும் நோக்கி எழுப்பப்படவேண்டிய கேள்வியை என்னொருவனிடம் கேட்டால் நான் என்ன செய்வேன்?

ஓர் இரவு, வாழ்த்துக் கூறிக் கடிதம் வந்தது. சித்தப்பாவுமல்ல, மாமியுமல்ல, இரண்டு ஆசனங்களுக்கு உரும்பிராய்வாசி தெரிவாகியிருந்தார். அறுபது நிமிஷத்துக்குள் பணங்கட்ட வேண்டும். தவறினால் பாக்கியம் கைமாறும். நான் கூவ, பேரன் தன் அட்டையால் அங்கே கட்ட, ஒஸ்லோ முதல் ஸ்காபரோ வரை குடும்பம் ஆனந்தக் கூத்தாடிற்று. என் மனைவிகூட எழுந்து ஒரு தேநீர் போட்டாள்.

எங்களுக்கு விடியற்புறம், அங்கே ஆட்டம் ஆரம்பமாகும் நேரம். அரங்கத்துச் சாளரத்தின் முன்னிருந்து பேரன் முகங்காட்டும் அழைப்பிற் கூப்பிட்டான். தெரிவானவர் தமது படமுள்ள அடையாள அட்டையுடன் நேரில் தோன்றவேண்டுமாம். சீட்டைப் பிறருக்கு மாற்றவும் இயலாதாம். நான் தேசிய அடையாள அட்டையை எடுத்து, முற்றத்து விளக்கின்கீழ் முகத்துக்குப் பக்கத்திற் பிடித்துக் காட்டினேன். உள்ளேயிருந்த உத்தியோகத்தர் உற்றுப் பார்த்தார். அட்டையிலிருப்பவர் நானேயென்று ஒப்புக்கொண்டார். என் அதிர்ஷ்டத்தை மெச்சினார். ஆனால் நான் அங்கே இல்லையே என்று மெய்யாகவே வருத்தப்பட்டார். 'இல்லை' என்று சொல்லுவதற்கு நான்காவதாகவும் ஒரு மார்க்கம் உண்டென்று அப்பொழுதுதான் தெளிந்தேன். பேரன் மன்றாடினான், அவர் அசையவில்லை. அவருடைய கையில் கோல் இல்லை என்பதைத் தவிர மற்றெல்லா அம்சத்திலும் அரிச்சந்திரன். மயான காண்டம் பார்த்து வளர்ந்தவனாகையால் எனக்குக் கோபம் வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தொடர்பைத் துண்டித்தேன்.

கட்டிய 20 டொலர் திரும்பாது என்பதும் நிபந்தனைகளுள் ஒன்று. பேரன் அதற்காக மனம் புழுங்கி, "அப்பப்பா, காசும் போச்சு, நாடகமும் போச்சு" என்றான். "உரிய ஆள் வராவிட்டால் அந்தக் கதிரைகளைச் சும்மா விடுவாங்களோ?" என்று கேட்டேன். விடமாட்டார்கள், வாசலில் நிற்கிற யாரையாவது இருத்திவிடுவார்கள் என்றான்.

"பிறகென்ன கவலை, தம்பி? திருவிழாவில உபயகாரர் ஆற இருந்து நாடகம் பாத்ததை நீ எப்பவாவது கண்டனியே?" என்றேன்.