மெனுவில் ஒரு பெயர், டெர்மினலில் ஒரு பெயர்

2012-க்கு முன்பு கல்லூரி மாணவர்களுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுத்தால் முதல் வகுப்பு பெயர்களிலேயே போய்விடும். நிரல்களை நிறுவ உதவும் சினாப்டிக்கைத் திறந்து பேக்கேஜ் பட்டியலைக் காட்டுவேன். ஃபைல்களைப் பார்க்க நாட்டிலஸ், வீடியோவுக்கு டோட்டெம், பிடிஎஃப் படிக்க எவின்ஸ், இணையத்துக்கு எபிஃபனி, ஹார்ட் டிஸ்க்கில் இடத்தை எது அடைத்திருக்கிறது என்று காட்ட பாவோபாப். “யாராச்சும் சொன்னாத்தானே சார் தெரியும்?” என்றாள் ஒரு மாணவி. அவள் கேட்டது நியாயம். சொல்வதற்கு ஆள் இல்லாதவர்கள் லினக்ஸ் பக்கமே வராமல் போனார்கள்.

ஆனால் சொல்ல ஆள் இருந்தால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை இருந்தது. நாட்டிலஸை எழுதியது ஈசெல் என்ற நிறுவனம். முதல் மெக்கின்டோஷை உருவாக்கிய குழுவிலிருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் அதில் இருந்தார். நாட்டிலஸ் என்பது சுருள் ஓடுள்ள கடல் உயிரி. இயங்குதளத்தின் மேலோட்டையும் ஷெல் என்பதால் அந்தப் பெயர் பொருந்தியது. 2001 மார்ச்சில் 1.0 வந்தது, மே மாதம் ஈசெல் மூடப்பட்டது. நிறுவனம் போன பிறகும் நிரலைத் தன்னார்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள். இதைச் சொன்னால் மாணவர்களின் முகம் மாறும். திறந்த மூலம் என்றால் என்ன என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

2012-இல் நிலைமை மாறியது. இந்த நிரல்களைத் தரும் டெஸ்க்டாப் சூழலான க்னோமின் 3.4 பதிப்பில் எபிஃபனி ‘வெப்’ ஆனது. செப்டம்பரில் 3.6 வந்தபோது நாட்டிலஸ் ‘ஃபைல்ஸ்’ ஆனது. டோட்டெமும் ‘வீடியோஸ்’ ஆயிற்று. இதை நான் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். முதன்முதலாகக் கணினி முன் உட்காரும் ஒருவர் யாரையும் கேட்காமல் தன் ஃபைலைத் திறக்கிறார். இதைவிட வேறென்ன வேண்டும்? இன்னொரு நன்மையும் உண்டு. மொசில்லாவின் பிரவுசர் 2002-இல் ஃபீனிக்ஸ் என்று பிறந்து, வர்த்தக முத்திரைச் சிக்கலால் 2003-இல் ஃபயர்பேர்ட் ஆகி, அதே பெயரில் ஒரு டேட்டாபேஸ் திட்டம் இருந்ததால் 2004-இல் ஃபயர்ஃபாக்ஸ் ஆனது. ‘ஃபைல்ஸ்’ என்ற பொதுச்சொல்லுக்கு அப்படி உரிமை கொண்டாடி யாரும் வரப்போவதில்லை.

சிக்கல் வருவது பழுது ஏற்படும்போதுதான். மெனுவில் ஃபைல்ஸ், டெர்மினலில் வரும் எச்சரிக்கையில் நாட்டிலஸ். அமைப்புகளை மாற்றப் போனால் அங்கேயும் நாட்டிலஸ். ‘வெப்’ திறக்கவில்லை என்று இணையத்தில் தேடிப் பாருங்கள், உலகத்திலுள்ள எல்லாம் வரும், வேண்டியது மட்டும் வராது. பழைய பெயர் தெரிந்தவருக்கும் டெபியன் லினக்ஸில் ஒரு பொறி உண்டு: அங்கே ‘எபிஃபனி’ பேக்கேஜை நிறுவினால் வருவது ஒரு விளையாட்டு, பிரவுசருக்கு ‘எபிஃபனி-பிரவுசர்’ என்று கேட்க வேண்டும். அன்று உள்ளே நுழையவே ஆள் துணை வேண்டியிருந்தது. இன்று நுழைவது எளிது, மாட்டிக்கொண்டால்தான் துணை வேண்டும். புதியவரை மனத்தில் வைத்துச் செய்த மாற்றம் அதே புதியவரைத் தவிக்கவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

இதற்கு விடை கண்டுபிடிக்க வேண்டியதில்லை, முன்பே இருந்தது. க்னோம் 2 மெனுவில் ‘எபிஃபனி வெப் பிரவுசர்’ என்று பெயரும் வேலையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நிரல் மெனுவில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் டெஸ்க்டாப் ஃபைலில் பெயருக்கு ஒரு வரி, பொதுப்பெயருக்கு ஒரு வரி, தேடுசொற்களுக்கு ஒரு வரி என்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். க்னோமைப் போன்ற இன்னொரு டெஸ்க்டாப் சூழலான கேடிஈ அந்த வசதியை நன்றாகவே பயன்படுத்துகிறது: அங்கே டால்ஃபின் டால்ஃபினாகவே இருக்கிறது, ஃபைல் மேனேஜர் என்ற விளக்கமும் கூடவே வருகிறது.

2023-இல் க்னோம் 45-உடன் புதிய பட நிரல் வந்தது. மெனுவில் ‘இமேஜ் வியூவர்’, நிரல் களஞ்சியத்தில் ‘லூப்’. ஆக, டெவலப்பர்கள் பெயர் வைக்கும் ஆசையை விடவில்லை, விடவும் கூடாது. இப்போது என்னிடம் வரும் மாணவர்கள் தங்கள் நிரலுக்குப் பெயர் யோசிக்கும்போது, பிடித்த பெயரையே வைக்கச் சொல்கிறேன். கூடவே பொதுப்பெயர் வரியை நிரப்பச் சொல்கிறேன். அபவுட் பெட்டியிலும் பிழைச்செய்தியிலும் இரண்டு பெயர்களும் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே வெளியிடச் சொல்கிறேன்.