கும்மிடிப்பூண்டி – கொல்கத்தா: பின்செலவுக் கோட்பாடு குறித்த ஒரு முன்னாய்வு

சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் வான்வழித் தூரம் 1,400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பறக்கும் நேரம் இரண்டேகால் மணி சொச்சம். இதில் அறிஞர்களிடையே சச்சரவு இல்லை. ஆனால் பயணி என்பவர் மீனம்பாக்கம் ஓடுபாதையின் நுனியிலேயே குடியிருப்பவர் என்று எல்லாரும் வைத்துக்கொண்டுவிட்டார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் வங்காளத்துத் தம்பியை ஒருவரும் கணக்கில் சேர்க்கவில்லை. அக்குறை நீக்கவே இவ்வாய்வு.

கும்மிடிப்பூண்டி சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா வடகிழக்கே. அளந்து பார்த்தால், மீனம்பாக்கத்தைவிடக் கும்மிடிப்பூண்டிதான் கொல்கத்தாவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கிட்டத்தில் இருக்கிறது. ஆக, விமானம் ஏறத் தெற்கே போகும் தம்பி, கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கொல்கத்தாவைவிட்டு விலகுகிறார். இதற்கு நாம் சூட்டும் பெயர் பின்செலவுக் கோட்பாடு.

இனிக் கள ஆய்வு. சிப்காட் வாசலில் ஷேர் ஆட்டோ நிற்கிறது. டிரைவர் “ரெண்டே சீட்டுதான், ஏறு” என்கிறார். அந்த இரண்டு சீட்டும் டிரைவருக்கு இருபுறமும் இருப்பவை. அவை நிரம்பாமல் வண்டி நகராது. அப்புறம் லோக்கல். அத்திப்பட்டில் நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில் குறுக்கிட்டால் அதற்கும் வழிவிட வேண்டும். விம்கோ நகரில் இறங்கி மெட்ரோவைப் பிடித்தால் விமான நிலையம்வரை ஒரே வண்டி. 2021-இல் வந்த இந்த நீட்டிப்பு இல்லையேல் நம் முடிவுகள் இன்னும் கொடூரமாக இருந்திருக்கும். விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் முன்னதாகவே ஆஜராக வேண்டும் என்பது அறிவுரை. கூட்டினால் பறப்பதற்கு முன் நாலரை மணி. பறப்பது அதில் பாதி.

ஒப்பீட்டுக்கு ஒரு தரவு: பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போய் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் உலகத்தை ஒருமுறை சுற்றிவர 95 நிமிடம் போதும். அதற்குள் தம்பி விம்கோ நகருக்கு வந்திருந்தால் அவர் அதிர்ஷ்டசாலி.

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குத் தம்பி வேலை செய்யும் திருவள்ளூர் மாவட்டத்துப் பன்னூரும் பரிசீலனையில் இருந்தது. 2022-இல் பரந்தூர் ஜெயித்தது. இது பற்றி மேலும் எழுதினால் ஆய்வு அரசியலாகிவிடும்.

விமானம் வேண்டாம், ரயிலில் போகட்டுமே என்பார் சிலர். ஹவுரா பாதை கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் போகிறது. கோரமண்டல் எக்ஸ்பிரஸும் அவ்வழியேதான், ஆனால் நிற்காது. தம்பி சென்ட்ரல் போய் ஏறி, தன் சிப்காட்டைத் தாண்டியே ஊருக்குப் போக வேண்டும். கோட்பாடு தண்டவாளத்திலும் செல்லுபடியாகிறது. அபாயச் சங்கிலியை இழுத்து நிறுத்தலாமா என்றும் பரிசீலித்தோம். காரணமின்றி இழுத்தால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். தவிர, சங்கிலி பெட்டிக்குள் இருக்கிறது. இழுக்க வேண்டியவர் பிளாட்பாரத்தில் நிற்கிறார்.